வாக்குக்கு முன்னால் வாதம்

1932 டிசம்பரில் சென்னை நாளிதழ்களின் கடிதப் பகுதியில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மற்றவர் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர். மாகாணத்தின் முதன்மை அமைச்சராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பொப்பிலி அரசருக்கு நடந்த பாராட்டு நிகழ்ச்சியில் தேவதாசிகளின் சதிர் ஆட்டம் வைத்திருந்தார்கள். சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி, தேவதாசிகளாக ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தை ஒழிக்க ஐந்து ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்த முத்துலட்சுமி அதைக் கண்டித்து எழுதினார். நாட்டை ஆள்கிறவர்களே இந்த ஆட்டத்துக்கு மேடையும் மரியாதையும் கொடுத்தால், பொட்டுக்கட்டுவது எப்படி நிற்கும் என்பது அவர் கேள்வி. கிருஷ்ணய்யர் பெண் வேடமிட்டுத் தானே சதிர் ஆடியவர். அந்தக் கலையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அலைந்தவர். வழக்கத்தை ஒழியுங்கள், கலையை ஏன் சேர்த்துக் கொல்கிறீர்கள் என்று அவர் பதில் எழுதினார். அவர் எழுத, இவர் மறுக்க, வேறு பலரும் உள்ளே வர, சில வாரங்களுக்கு அந்த விவாதம் நகரத்தின் பேச்சாக இருந்தது.

அந்தக் கடிதங்களை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரிகையில் கருத்துப் பக்கம் எதற்கு என்ற கேள்வி இன்று பல திசைகளிலிருந்தும் வருகிறது. செய்தியைக் கொடுத்தால் போதும், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் சிலர். யார் எழுதி யார் மனம் மாறியிருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். கட்டுரை எழுதி நாட்டை மாற்ற முடியாது, தேர்தலில் எண்ணிக்கைதான் பேசும் என்பவர்களும் உண்டு. இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதற்கு, தமிழகத்தில் ஒரு சட்டம் பிறக்க இருபது ஆண்டுகள் ஆன கதை நல்ல சான்று. கருத்து எழுத்தால் என்ன முடியும் என்பதை அது காட்டுகிறது. அந்த எழுத்து யாரை விட்டுவிட்டது, அதனால் என்ன ஆனது என்பதையும் காட்டுகிறது. இரண்டாவதை நாம் அதிகம் பேசுவதில்லை.

முத்துலட்சுமி 1926இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்தவர். அவர் பின்னால் கட்சி இல்லை, வாக்கு வங்கி இல்லை. அன்றைய மேலவையைத் தேர்ந்தெடுத்ததும் ஊர் மக்கள் எல்லோரும் அல்லர். சொத்தும் வரியும் உள்ள சிறு பகுதியினர்தான். ஆண்களே நிறைந்த அந்த அவையில், கோயில், குலவழக்கம், மானிய நிலம் மூன்றையும் ஒன்றாகத் தொடும் ஒரு சீர்திருத்தத்தைத் தனி ஒரு பெண் முன்வைத்தார். கையில் எண்ணிக்கை இல்லாதவருக்கு மிஞ்சுவது வாதம் ஒன்றுதான். 1927இல் பொட்டுக்கட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அவை ஏற்றது. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்றிருந்த கட்டு அதனால் அவிழ்ந்தது. நிலம் அந்தப் பெண்களுக்கே உரியதாயிற்று. 1930இல் பொட்டுக்கட்டையே தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது பொதுக் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அதே ஆண்டில் காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவி விலகினார். மசோதா கிடப்பில் போயிற்று. பிறகு 17 ஆண்டுகள் அது சட்டமன்றத்தில் வாழவில்லை. பத்திரிகைகளிலும் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும்தான் உயிரோடு இருந்தது. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையின் காலத்தில் சட்டமாயிற்று.

ஒரு மசோதா தோற்றுப்போன பிறகும் அதன் நியாயம் எங்கேயோ ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த அவை வரும்போது, அடுத்த தலைமுறை வரும்போது, அதை எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். வாக்கெடுப்பு அன்றைக்கு யார் பக்கம் ஆட்கள் அதிகம் என்று சொல்லிவிடும். ஏன் அப்படி முடிவெடுத்தோம், நாளை மாற்றிக்கொள்ளலாமா என்பதை அது சொல்லாது. தோற்றவர்கள் வன்முறைக்குப் போகாமல் அடுத்த முறைக்குக் காத்திருப்பதற்கு ஒரே காரணம், இடைப்பட்ட காலத்தில் வென்றவர்களின் ஆதரவாளர்களைப் பேசி மாற்ற முடியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதுதான் கருத்து எழுத்தின் முதல் வேலை. அது இல்லாத நாட்டிலும் தேர்தல் நடக்கலாம். ஆனால் அங்கே சிறுபான்மையாக இருப்பவர்கள் என்றைக்கும் சிறுபான்மைதான்.

செய்தி போதும் என்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. பொட்டுக்கட்டு விவாதத்தில் உண்மைகளைப் பற்றிப் பெரிய சண்டை ஏதும் இல்லை. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டினார்கள் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. மானிய நிலம் இருந்தது, கோயில் பணி இருந்தது, ஆட்டமும் பாட்டும் அந்தக் குடும்பங்களிடம்தான் வளர்ந்தன என்பதிலும் தகராறு இல்லை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை. மேலவையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தது தகவல் தெரியாமல் அல்ல. கோயிலோடும் கலையோடும் பிணைந்த மரபில் அரசு கைவைக்கக் கூடாது என்று அவர் கருதினார். குழந்தையின் சம்மதம் கேட்காமல் அவள் வாழ்க்கையை ஒப்புக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அதற்குச் சாமியின் பெயரும் சாக்கு ஆகாது என்று முத்துலட்சுமி கருதினார். எந்தச் செய்தியறிக்கையும் இந்த வழக்கைத் தீர்த்து வைக்காது. எது பெரிது, எதற்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்று எடைபோட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அந்த எடை சரியில்லை என்று மறுக்கவும் ஆள் வேண்டும்.

யார் எழுதி யார் மனம் மாறியது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. உண்மையிலேயே அந்தக் கடிதப் போரில் முத்துலட்சுமி கிருஷ்ணய்யரை மாற்றவில்லை, கிருஷ்ணய்யரும் முத்துலட்சுமியை மாற்றவில்லை. இருவரும் கடைசிவரை தத்தம் நிலையில் நின்றார்கள். இன்றைக்கு ஒரு கட்டுரையின் கீழே நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, ஒருத்தரும் அசையவில்லை என்று சொல்கிறவர்கள் அன்றிருந்தால் அன்றும் அதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் கட்டுரையோ கடிதமோ எதிராளிக்காக எழுதப்படுவதில்லை. காலையில் பத்திரிகையைப் பிரித்து இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, வாய்திறக்காமல் வேலைக்குப் போகிறாரே, அந்த மூன்றாவது மனிதருக்காக எழுதப்படுகிறது. என்ன ஆயிற்று பாருங்கள். மியூசிக் அகாடமி சதிரைத் தன் மேடையில் தொடர்ந்து ஏற்றியது. அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் நிலைபெற்றது. பொட்டுக்கட்டு சட்டப்படி ஒழிந்தது. ஒருவர் ஒழிக்க வேண்டும் என்றது ஒழிந்தது. மற்றவர் காக்க வேண்டும் என்றது காக்கப்பட்டது. படித்தவர்கள் இரு தரப்பிலிருந்தும் தங்களுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டார்கள். எழுதிய இருவரும் எதிர்பார்க்காத ஒரு தீர்ப்பை ஊர் எழுதியது.

ஒரு தலைமுறைக் காலம் ஆனது என்பதை வைத்து இதைத் தோல்வி என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1930இல் அவசரமாக நிறைவேறியிருந்தால் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்திருக்கும், ஊரில் இருந்திருக்காது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலம் படிக்காதவர்களிடமும் வாதம் போய்ச் சேர்ந்தது. பெரியாரின் ‘குடி அரசு’ இதை எடுத்துப் பேசியது. பொட்டுக்கட்டும் சமூகத்திலேயே பிறந்து அதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் மேடையேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். நாவலைக் கருத்துக் கட்டுரையோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். தாராளமாகச் சேர்க்கலாம். அந்த நாவல் கதைப் போக்கிலேயே வாதம் செய்கிறது, பக்கம் பக்கமாக விவாதிக்கிறது. வழக்கமான தலையங்கத்தைப் படிக்காதவர் அதைப் படித்திருப்பார். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார். தெருவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு சட்டம் வந்தது. அந்த வரிசைதான் சரி.

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால், கருத்துப் பக்கத்துக்கு நான் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாகிவிடும். கதையில் பாதிதான் ஆகியிருக்கிறது.

1927இலேயே சென்னை மாகாணத்து தேவதாசிகள் சங்கமாகத் திரண்டார்கள். அவர்களில் முன்னின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பியவர். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்தவர். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை முழுமையாகப் பதிப்பித்து, அதற்காக அரசின் தடையைச் சந்தித்தவர். இவர்கள் அரசுக்கு மனு எழுதினார்கள். கோயிலில் ஆடுவதும் பாடுவதும் எங்கள் தொழில், அதை விபசாரம் என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள் என்றார்கள். எங்கள் மானியத்துக்கும் சொத்துரிமைக்கும் என்ன வழி என்று கேட்டார்கள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், நாங்களே மேலே வருகிறோம் என்றார்கள். இந்த மூன்றாவது கோரிக்கையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஒழிப்பை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒன்றாக ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய கோரிக்கை அது.

ஆனால் அந்த மனுவுக்குக் கிடைத்த இடம் என்ன? விவாதத்தின் நடு மேடையில் மருத்துவர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார், அரசியல் தலைவர் இருந்தார். யாரைப் பற்றிய சட்டமோ அவர்கள் ஓரத்தில் நின்றார்கள். அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இருக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்தவர். முத்துலட்சுமியின் தாயாரும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். ஒழிய வேண்டும் என்று விரும்பிய பெண்களும் ஆண்களும் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனால் இசையும் சொத்தும் சுயமான வாழ்வும் கையில் இருந்த நாகரத்தினம்மாள் போன்றவர்களின் கேள்விக்கு, ஒழிப்புத் தரப்பு நேருக்கு நேர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை எந்தப் பத்திரிகையும் உண்டாக்கவில்லை. கேள்வி கேட்டவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியே அதைக் கடந்துவிட்டார்கள்.

அதன் விலையைச் சட்டத்திலேயே பார்க்கலாம். 1947 சட்டம் பொட்டுக்கட்டைத் தடுத்தது, பொட்டுக்கட்டிய பெண்ணின் திருமணம் செல்லும் என்றது. அந்த இரண்டும் நியாயம். இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியவை. ஆனால் அதே சட்டம் கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் நிறுத்தியது. ஆட்டமே பிழைப்பாக இருந்த பெண் மறுநாள் காலையில் எதை வைத்துச் சோறு பொங்குவாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. சதிர்க் குழுவான சின்ன மேளத்தில் ஆடியவர்களின் கலை வேறு வீட்டுப் பெண்களுக்குப் போனது. 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறினார். அடுத்த ஆண்டு பிறந்த கலாக்ஷேத்ரா அந்தக் கலைக்குப் பெரிய வீடாயிற்று. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் பழைய பாணியை விடாமல் தூக்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் பேர் தெரியாமல் மறைந்தார்கள். முத்துலட்சுமி கேட்டது கிடைத்தது, கிருஷ்ணய்யர் கேட்டது கிடைத்தது, நாகரத்தினம்மாள் கேட்டது கிடைக்கவில்லை. மூவரில் யாருக்கு அச்சில் இடம் குறைவாக இருந்ததோ அவருடைய கோரிக்கைதான் விழுந்தது. இதை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே வாதம்தான் முடிவைச் செய்கிறது என்று நாம் ஒப்புக்கொண்டால், வாதம் நடக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தள்ள முடியாது. கருத்துப் பக்கத்தின் மீது உண்மையான குற்றச்சாட்டு அது மனதை மாற்றுவதில்லை என்பதல்ல. அது மாற்றுகிறது, ஆனால் ஒரு சிலருடைய வாதத்தைக் கொண்டே மாற்றுகிறது. ஓய்வுபெற்ற அதிகாரி, பேராசிரியர், வழக்கறிஞர், கட்சிப் பேச்சாளர் என்று நான்கு வகையினரே திரும்பத் திரும்ப எழுதும் பக்கம், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், 1932இன் தவற்றைத்தான் செய்கிறது.

மனதை மாற்றும் வேலையே ஆபத்து என்று சொல்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. வெறுப்பைக் கிளப்புகிறவனும் மனதை மாற்றத்தானே பார்க்கிறான், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவனும் அதைத்தானே செய்கிறான் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெறுப்புப் பேச்சைப் பொறுத்தவரை, நம் அரசியல் சட்டமும் நீதிமன்றங்களும் ஒரு கோடு போட்டிருக்கின்றன. 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாகாண அரசு விதித்த தடையை ரமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுக்கான காரணங்களாகச் சேர்த்தது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியபோது, விவாதிப்பது வேறு, ஒன்றுக்காகப் பரிந்து பேசுவது வேறு, தூண்டிவிடுவது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமை. மூன்றாவதில்தான் அரசு கைவைக்கலாம். பரிந்து பேசுகிறவர் கேட்பவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார். தூண்டிவிடுகிறவர் அந்த நேரத்தைப் பறிக்கிறார். கட்டுரை என்ற வடிவமே நேரம் கொடுப்பது. ஒரு வரியைத் திரும்பப் படிக்கலாம், பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இரவில் எடுத்து மறுக்கலாம்.

வாடகைக்கு விடப்பட்ட எழுத்து இதைவிடத் தந்திரமானது. அது விளம்பரத்துக்குச் செய்தியின் சட்டையைப் போட்டுவிடுகிறது. 2009 தேர்தல்களுக்குப் பிறகு இந்தியப் பத்திரிகை மன்றம் இதை விசாரிக்கக் குழு அமைத்தது. 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர், காசு கொடுத்துப் போட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று தேர்தல் ஆணையத்தால் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தொகை 21,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆணையம் தண்டித்தது தொகைக்காக அல்ல, மறைத்ததற்காக. யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்று தெரிந்தால் வாசகர் தள்ளுபடி செய்ய வேண்டியதைத் தள்ளுபடி செய்துகொள்வார். கட்சிப் பத்திரிகையைப் படிக்கும் தமிழ் வாசகர் நூறு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறார். ‘முரசொலி’யைப் படிக்கிறவருக்கு அது யாருடைய பத்திரிகை என்று தெரியும். பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவதில் எந்தக் கேடும் இல்லை. சாய்வை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவதில்தான் கேடு.

பெயருக்கு என்ன விலை என்று இந்த ஊருக்குத் தெரியும். 1908இல், பாரதியின் எழுத்தால் கொதித்துக்கொண்டிருந்த ‘இந்தியா’ வார இதழின் மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியர் என்று பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் 5 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரி போனார். அதே ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ நிறுவனர் ஜி. சுப்பிரமணிய அய்யரும் கைதானார். குடியரசு ஆன பிறகும் அந்த விலை முற்றாக ஒழியவில்லை. 2003 ஏப்ரலில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ், தமிழக அரசின் சகிப்பின்மையைக் கண்டித்து ஒரு தலையங்கம் எழுதியது. அது உரிமை மீறல் என்று அந்த நவம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, நாளிதழின் பொறுப்பாளர்களுக்கு 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் சில நாட்களிலேயே கைதுக்குத் தடை விதித்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு சிறு விவரம் உண்டு. அந்தத் தலையங்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் அதே 15 நாள். தமிழில் தந்ததற்கு, எழுதியவர்களுக்குக் கிடைத்த அதே தண்டனை. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த பத்திரிகைச் சட்டமும் இந்திய மொழி இதழ்களுக்கு மட்டும்தான் பூட்டுப் போட்டது, ஆங்கில இதழ்களை விட்டுவிட்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டு இடைவெளியில், மக்களின் மொழியில் வரும் கருத்துக்கு என்ன பலம் என்பதை ஆட்சியாளர்கள் மறக்கவே இல்லை. கருத்துக் கட்டுரையால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதிகாரத்தில் இருந்தவர்கள் யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

மொழி என்பது இங்கே அலங்கார விஷயமல்ல. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு முடிவின்படி, எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாட்களுக்குப் பொதுவெளியில் வைத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 1930இல் முத்துலட்சுமியின் மசோதா சுற்றுக்கு விடப்பட்டதன் இன்றைய வடிவம் இது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளிவந்தது. அணையோ ஆலையோ சுரங்கமோ தன் ஊருக்கு வருமா என்று முடிவு செய்யும் விதிகளை, அந்த ஊர்க்காரர் படிக்க முடியவில்லை. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாதத்துக்கு அழைத்துவிட்டு, வாதத்தின் பொருளைப் புரியாத மொழியில் வைப்பது அழைப்பே ஆகாது.

இந்த இடத்தில்தான் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு வரைவு வெளியானால், அது என்ன சொல்கிறது என்பதை முதலில் தமிழில் தாருங்கள். பிறகு நிபுணர்களிடம் கட்டுரை கேளுங்கள். கேட்ட கையோடு, அதனால் நிலமோ வேலையோ இழக்கப்போகிறவர் ஒருவரிடமும், பயன் பெறப்போகிறவர் ஒருவரிடமும் கேளுங்கள். எழுதிப் பழக்கமில்லை என்பார்கள். சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, அவர்கள் பெயரைப் போட்டு வெளியிடுங்கள். பேட்டியில் இரண்டு வரியை வெட்டி ஒட்டுவதை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். முழு வாதமும் அவர்களுடையதாக, மற்றவர்கள் பதில் சொல்லியாக வேண்டியதாக இருக்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்புக்கொள்ள முடியாத கட்டுரையைப் படித்தால், எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த வரி ஏன் தவறு என்று அரைப் பக்கத்தில் எழுதி, பெயரும் ஊரும் போட்டு அனுப்புங்கள். தாமதிக்க வேண்டாம். வரைவு வெளியான நாளிலிருந்து நமக்குக் கிடைப்பது முப்பது நாள்தான்.